பூக்காரம்மா கேட்ட ஐந்நூறு ரூபாய்

1981-ல் பூந்தமல்லியில் வீடு கட்டிக் குடிவந்தபோது எங்கள் தெருவில் மொத்தம் பதினோரு வீடுகள். மின்சாரம் வந்திருந்தது, தண்ணீர்க் குழாய் வரவில்லை. பேப்பர் போடும் பையன்கூட அந்த மண் ரோட்டில் சைக்கிளை விட யோசிப்பான். ஆனால் பால் காய்ச்சிய மறுநாள் காலை ஆறு மணிக்கே வாசலில் ஒரு குரல் கேட்டது.

"புதுசா வந்திருக்கீங்களாக்கா? பூ வாங்கிக்கங்க. வெள்ளிக்கிழமை அதுவுமா வெறுந்தலையோட நிக்கிறீங்களே!"

என் மனைவிக்கு அது அதட்டலா அன்பா என்று புரியவில்லை. ஒரு முழம் வாங்கினாள். எட்டணா. நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்தக் கணக்கு எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினாலும் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அது யாரென்று தெரியாது. சின்னக் குழந்தையிலிருந்து கிழவி வரை எல்லோருக்கும் அவர் பூக்காரம்மா. அப்போது அவருக்கு இருபது வயது இருந்திருக்கும். இருபது வயதிலேயே அம்மா ஆகிவிட்டார்.

இடுப்பில் மூங்கில் கூடை, அதன்மேல் ஈரத்துணி, துணிக்கடியில் வாழையிலை, இலைக்குள் பந்து பந்தாகச் சுற்றிய மல்லி. சித்திரை, வைகாசியில் கூடை கனக்கும். மார்கழி, தையில் பனி விழுந்து மல்லி கிடைக்காது. அப்போது டிசம்பர் பூவும் கனகாம்பரமும் சாமந்தியும் கூடையில் இருக்கும். எங்கள் தெருப் பெண்களுக்குக் காலண்டர் வேண்டாம், கூடையைப் பார்த்தே மாதம் சொல்லிவிடுவார்கள்.

பூ விற்பது மட்டுமா அவர் செய்த வேலை? எந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள், எந்த வீட்டில் கிழவருக்கு உடம்பு சரியில்லை, யார் வீட்டுக் கிணறு வற்றிவிட்டது என்பதெல்லாம் கூடையோடு சேர்ந்து தெருவைச் சுற்றி வரும். பள்ளிக்கூடத்துக்கு ஓடும் பெண் பிள்ளைகளை நிறுத்தி இரட்டைப் பின்னலில் ஒற்றை ரோஜா செருகிவிடுவார். காசு மாலையில் அம்மாவிடம் வாங்கிக்கொள்வார், சில நாள் மறந்தும்விடுவார். ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பதினாறு நாள் முடியும்வரை அந்த வீட்டைத் தாண்டும்போது கூவ மாட்டார். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. தெருவின் பாதியில் குரல் நின்று, இரண்டு வீடு தள்ளி மறுபடி தொடங்கும்.

எங்களுக்கு எதிர்வீட்டில் ஒரு டீச்சர் இருந்தார். கணவர் போனபிறகு சாமி படத்துக்கு மட்டும் கால் முழம் வாங்குவார். ஒரு வருஷம் அப்படியே போயிற்று. ஒருநாள் பூக்காரம்மா கால் முழத்தை அறுத்துக் கொடுத்துவிட்டு, இன்னொரு துண்டையும் அறுத்து அவர் கையில் வைத்தார். "இது உங்களுக்கு டீச்சர். பூவுக்கு அதெல்லாம் தெரியாது" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார். டீச்சர் அன்று அதைத் தலையில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் தூக்கியும் போடவில்லை. பிறகு எப்போதோ ஒருநாள் வைத்துக்கொண்டார். தெருவில் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தெரு செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

பூந்தமல்லிக்குப் பூக்காரர் புதிதல்ல. ஊரின் பெயரே பூவிருந்தவல்லி. பேச்சு வழக்கில் தேய்ந்து பூந்தமல்லி ஆயிற்று. பதினோராம் நூற்றாண்டில் வாழ்ந்த திருக்கச்சி நம்பிகள் இந்த ஊர்க்காரர். ராமானுஜர் குருவாக மதித்த பெரியவர். அவர் இங்கே நந்தவனம் வைத்துப் பூப்பறித்து, காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார் என்பது வைணவ மரபு. பூந்தமல்லியிலிருந்து காஞ்சிக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். பூக்கூடையோடு அவ்வளவு தூரம் நடந்த மனிதர் வயோதிகத்தில் வர முடியாமல் போனபோது, பெருமாளே இங்கே வந்து காட்சி தந்தார் என்று தலபுராணம் சொல்கிறது. இங்குள்ள வரதராஜப் பெருமாள் கோயிலில் நம்பிகளுக்குத் தனிச் சன்னிதி உண்டு. பூக்காரம்மா மாலையில் கூடை வைத்து உட்கார்ந்ததும் கோயிலை ஒட்டிய தெருவில்தான்.

இன்னும் பின்னால் போனால் சங்க இலக்கியத்திலேயே அவரைப் பார்க்கலாம். மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, மதுரை நகரத்துக் கடைவீதியை அங்குலம் அங்குலமாகச் சொல்லும். பகலில் நடந்த கடை நாளங்காடி, இரவில் நடந்தது அல்லங்காடி. அந்தக் கூட்டத்தின் நடுவே, நரைத்த கூந்தலோடு வயதான பெண்கள் தின்பண்டமும் மணமுள்ள பூவும் ஏந்தி வீடு வீடாகப் போய் விற்கிறார்கள். அரண்மனையையும் கொடிகளையும் பாடிய புலவர் அவர்களையும் விட்டுவிடவில்லை.

புறநானூற்றில் 293-ஆம் பாட்டு நொச்சி நியமங்கிழார் பாடியது. ஊரைப் பகைவர் சூழ்ந்திருக்கிறார்கள். யானைமேல் முரசு அறைந்து வீரர்களைப் போருக்கு அழைக்கிறார்கள். அந்த நேரத்தில் புலவருக்கு நினைவு வருவது அரசனல்ல, வீரனல்ல, தெருவில் பூ விற்க வந்த ஒரு பெண். வீட்டுக்காரன் போருக்குப் போகும் நாளில் எந்த வீட்டில் பூ வாங்குவார்கள்? இவள் வேறு வீடு தேடிப் போகவேண்டுமே, பாவம் என்று இரங்குகிறார். உரைகாரர்கள் சில சொற்களுக்கு வேறு வேறு பொருள் சொல்வார்கள். ஆனால் அந்த இரக்கத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. கல்லூரியில் படித்தபோது இந்தப் பாட்டை நான் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்தேன். அதன் பொருள் புரிய எனக்கு அறுபத்தெட்டு வயது ஆகவேண்டியிருந்தது. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அவர் தொழிலைச் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் சென்னைக்குப் பூ வந்து இறங்கும் இடம் பாரிமுனைப் பக்கம் பத்ரியன் தெரு. அந்த வட்டாரத்துக்கே பூக்கடை என்று பெயர், காவல் நிலையத்துக்கும் அதே பெயர்தான். பூக்காரம்மா விடியுமுன் பிராட்வே போகும் 54-ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறுவார். பத்ரியன் தெருவில் உதிரிப் பூவை எடை போட்டு வாங்கிக்கொண்டு, திரும்பி வரும் பஸ்ஸில் மடியில் வைத்துக் கட்டிக்கொண்டே வருவார். பூந்தமல்லியில் இறங்கும்போது நாலைந்து பந்து தயாராக இருக்கும். 1996-ல் கோயம்பேடு சந்தை திறந்து பூ வியாபாரமும் அங்கே வந்தபோது பாரிமுனை வியாபாரிகள் பலர் வருத்தப்பட்டார்கள். எங்கள் பூக்காரம்மாவோ வாயெல்லாம் பல்லாக வந்து நின்றார். பாதித் தூரம் மிச்சம், ஒரு மணி நேரத் தூக்கம் லாபம்.

வாங்குவது கிலோவில், விற்பது முழத்தில். மெட்ரிக் அளவைக்கு 1956-ல் சட்டம் வந்து, 1962-லிருந்து நாடு முழுக்கக் கட்டாயமும் ஆயிற்று. சேரும் வீசையும் போயின. படியும் ஆழாக்கும் மெல்ல மெல்லச் சமையலறைக்குள் ஒதுங்கின. முழம் மட்டும் எந்தச் சட்டத்துக்கும் அசையாமல் பூக்காரியின் முழங்கையில் இன்றுவரை உட்கார்ந்திருக்கிறது. கை குட்டையான பூக்காரியிடம் வாங்காதே என்று என் மாமியார் சொல்வார். எங்கள் பூக்காரம்மாவுக்குக் கை குட்டைதான். ஆனால் முழம் போட்டு முடித்தபிறகு நாலு விரல் கூட விட்டு அறுப்பார். அந்தக் கொசுறில் மாமியாரும் வாயடைத்துப் போனார்.

இந்த வியாபாரத்தில் உள்ள ஆபத்து என்னவென்றால், சரக்கின் ஆயுள் ஒரு நாள். அரிசிக்கடைக்காரர் இன்று விற்காததை நாளை விற்பார். காலையில் அரும்பாக இருந்த மல்லி ராத்திரி விரிந்து, மறுநாள் பழுப்பேறிவிடும். எனவே தினமும் புதிதாக முதல் வேண்டும். மழை பெய்து ஒருநாள் விற்பனை கெட்டால் மறுநாள் முதல் இல்லை. அப்படி ஒரு மழைக்குப் பிறகுதான், 1983 கடைசியில், பூக்காரம்மா என்னைத் தேடி வந்தார். வீட்டுக்கு அல்ல. நான் வேலை பார்த்த வங்கிக்கு.

நான் அப்போது ஒரு தேசியமயமான வங்கியின் கிளையில் கடன் பிரிவு குமாஸ்தா. எந்த வங்கி, எந்தக் கிளை என்பது வேண்டாம். தவறு என்னுடையது, கட்டடத்தின்மேல் அதைப் போட விரும்பவில்லை. கூடையை வாசலிலேயே வைத்துவிட்டு, முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "சார், ஐந்நூறு ரூபா கடன் வேணும். தினமும் கூட பத்து ரூபா, பதினைந்து ரூபா கட்டிடறேன்" என்றார்.

நான் கேட்ட கேள்விகள் இன்னும் நினைவிருக்கின்றன. ரேஷன் கார்டு இருக்கிறதா? இல்லை, புறம்போக்கில் குடிசை. வியாபாரத்துக்கு லைசென்ஸ்? இல்லை. ஜாமீன் போட இரண்டு பேர்? "நீங்க போடுங்களேன் சார்" என்று சிரித்தார். வங்கி ஊழியர் ஜாமீன் போடக்கூடாது என்றேன். கடைசியாக, இந்த வருஷத்து ஒதுக்கீடு முடிந்துவிட்டது, ஏப்ரலில் வா என்றேன். அவர் சரி சார் என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் காலை ஆறு மணிக்கு எங்கள் வாசலில் அதே குரல், அதே நாலு விரல் கொசுறு. முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். ஒதுக்கீடு முடிந்துவிட்டதா என்று நான் பார்க்கவே இல்லை.

வேறுபட்ட வட்டி விகிதத் திட்டம் என்று ஒன்று 1972-லிருந்தே தேசியமயமான வங்கிகளில் இருந்தது. மிக ஏழைகளுக்கு ஆண்டுக்கு 4 சதவீத வட்டியில் கடன். வங்கி கொடுக்கும் மொத்தக் கடனில் ஒரு சதவீதம் இதற்கென்று இலக்கு. ஜாமீன், அடமானம் என்று வற்புறுத்த வேண்டியதில்லை. பூக்காரம்மாவைப் போன்றவர்களை நினைத்தே போட்ட திட்டம். அந்தச் சுற்றறிக்கை என் மேசை டிராயரில்தான் இருந்தது. ஆனால் ஐந்நூறு ரூபாய்க் கடனுக்கு ஐந்தாயிரத்துக்கு எழுதும் அதே ஃபாரத்தை எழுதவேண்டும். நேரில் போய்ப் பார்க்கவேண்டும். திரும்பி வராவிட்டால் எனக்கு மெமோ வரும். மேனேஜரிடம் போய்ச் சொல்ல எனக்குச் சோம்பல், கொஞ்சம் பயம். அவ்வளவுதான் காரணம்.

அவர் எங்கே போனார்? தண்டல்காரரிடம். சென்னைப் பக்கத்துத் தெரு வியாபாரிகளுக்கெல்லாம் தெரிந்த கணக்கு இது. ஐந்நூறு ரூபாய்க் கடன் என்று பெயர். கையில் கொடுப்பது 425. மிச்சம் 75 முன்கூட்டியே பிடித்தம். தினம் ஐந்து ரூபாய் வீதம் நூறு நாள் கட்டவேண்டும். எழுபத்தைந்துதானே என்று தோன்றும். தினமும் அசல் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் வட்டி ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டும். நான் சொன்ன 4 சதவீதத் திட்டத்தில் அதே ஐந்நூறை நூறு நாளில் அதே மாதிரி கட்டியிருந்தால் வட்டி மூன்று ரூபாய்கூட ஆகாது. ஒரு பக்கம் மூன்று ரூபாய், ஒரு பக்கம் எழுபத்தைந்து. நடுவில் உட்கார்ந்திருந்தது நான்.

2003-ல் தமிழ்நாடு அரசு கந்துவட்டியைத் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது. அதில் மீட்டர் வட்டி போன்றவற்றோடு தண்டலும் பெயர் சொல்லி இடம்பெற்றது. அதற்கு இருபது வருஷம் முன்பே தண்டலுக்கு மாற்று சட்டத்தில் அல்ல, என் டிராயரில் இருந்தது.

நான் செய்யாததை அதே ஊரில், அதே வருஷங்களில் வேறு சிலர் செய்துகொண்டிருந்தார்கள் என்பது எனக்கு ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது. 1978-ல் சென்னையில் ஜெயா அருணாசலம் என்பவர் உழைக்கும் பெண்களுக்கென்று ஒர்க்கிங் விமன்ஸ் ஃபோரம் என்ற அமைப்பைத் தொடங்கினார். பூ, காய்கறி, மீன் விற்கும் பெண்களை, அக்கம்பக்கத்தவர் பத்துப் பதினைந்து பேராகக் குழு சேர்த்தார்கள். ஒருவருக்கு மற்றவர்கள் பொறுப்பு. அந்தப் பொறுப்பையே ஜாமீனாகக் காட்டி வங்கிகளிடம் கடன் வாங்கிக் கொடுத்தார்கள். வங்கிகளோடு மல்லுக்கட்டி அலுத்து, 1981-ல் தங்களுக்கென்றே கூட்டுறவுச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அதற்கும் முன்னால் அகமதாபாத்தில் இலா பட் 1972-ல் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1974-ல் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் பங்கு போட்டுத் தங்கள் சொந்த வங்கியையே திறந்தார்கள். அவர்களில் பலருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. திரும்பக் கட்டத் தெரிந்திருந்தது.

கடன் ஒரு பக்கம் இருக்கட்டும். தெருவில் நிற்பதற்கே உரிமை உண்டா என்பது இன்னொரு கேள்வி. கோயில் விசேஷத்தன்று, வி.ஐ.பி. வரும் நாளில், ரோடு அகலப்படுத்தும் காலத்தில் முதலில் விரட்டப்படுவது கூடைக்காரிதான். கூடையை எட்டி உதைத்ததை நானே ஒருமுறை பார்த்திருக்கிறேன். சாலையில் உருண்ட சாமந்தியைப் பொறுக்கிக்கொண்டே "பரவால்ல சார், நீங்க போங்க" என்றார். நான் போனேன். அதையும் இங்கே எழுதிவிடவேண்டும்.

டெல்லி ஜன்பத்தில் துணி விற்ற ஒரு சிறு வியாபாரி சோதன் சிங். அவர் தொடுத்த வழக்கில் 1989-ல் உச்ச நீதிமன்றம், தெருவில் வியாபாரம் செய்வதும் அரசியல் சட்டம் 19-ஆம் பிரிவில் தரும் தொழில் உரிமைக்குள் அடங்கும் என்றது. போக்குவரத்துக்கு இடைஞ்சல் வராமல் ஒழுங்குபடுத்தலாம், ஆனால் சாலை நடப்பதற்கு மட்டும்தான் என்று சொல்லி அடியோடு மறுக்க முடியாது. 2004-ல் தேசியக் கொள்கை வந்தது, 2009-ல் திருத்தினார்கள். கொள்கை காகிதத்திலேயே இருந்தது. 2010-ல் கெயிண்டா ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டமே இயற்றச் சொல்லிக் கெடு வைத்தது. கடைசியில் 2014 மே 1 அன்று தெரு வியாபாரிகள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. மே தினத்தில் வந்ததும் பொருத்தம்தான்.

அந்தச் சட்டத்தை ஓய்வுக் காலத்தில் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்பவர் மட்டுமல்ல, இடம் இடமாக நடந்து விற்பவரும் தெரு வியாபாரிதான். ஊருக்கு ஊர் நகர விற்பனைக் குழு இருக்கவேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகளின் பிரதிநிதிகள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது கணக்கெடுக்கவேண்டும். கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. இடம் மாற்றுவதென்றால் 30 நாள் நோட்டீஸ். ஐம்பது வருஷத்துக்கு மேல் வியாபாரம் நடக்கும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்கவேண்டும். மதுரைக்காஞ்சியின் நாளங்காடிக்கு இரண்டாயிரம் வருஷம் கழித்து வந்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பூக்காரம்மாவிடம் கேட்டேன். "உங்ககிட்ட கணக்கெடுக்க யாராவது வந்தாங்களா?"

"வந்தாங்களாம் சார். கடை வச்சிருக்கறவங்களுக்கு மட்டும் எழுதினாங்களாம். நான் அந்நேரம் நம்ம தெருவுல நடந்துனு இருந்தேன்."

அவர் சொன்னதை அப்படியே விட்டுவிட்டேன். சட்டம் படித்த திருப்தி எனக்குப் போதுமானதாக இருந்தது.

2020 மார்ச் 25. ஊரடங்கு. காலை ஆறு மணிக்கு எங்கள் தெருவில் குரல் இல்லை. கோயில்கள் மூடின, கல்யாணங்கள் தள்ளிப்போயின. யார் பூ வாங்குவார்கள்? திருவள்ளூர் மாவட்டத்து மல்லித் தோட்டங்களில் பூ செடியிலேயே விரிந்து உதிர்ந்தது. மே 5 அன்று கோயம்பேடு சந்தையையே மூடினார்கள். காய்கறிச் சந்தை எங்களுக்கு மிகப் பக்கத்தில் திருமழிசைக்கு வந்தது. பூவும் பழமும் மாதவரத்துக்குப் போயின.

என் மனைவி தினமும் ஆறு மணிக்கு வாசலுக்குப் போய் நின்றுவிட்டு உள்ளே வருவாள். சாமி படத்துக்கு வேலியோரத்துச் செம்பருத்தி. எதிர்வீட்டு டீச்சர் பால்கனியிலிருந்து "பூக்காரம்மா போன் நம்பர் இருக்கா?" என்று கேட்டார். யாரிடமும் இல்லை. நாற்பது வருஷமாக நம் வாசலுக்கு வந்த மனுஷி எங்கே குடியிருக்கிறார் என்று தெருவில் ஒருவருக்கும் சரியாகத் தெரியவில்லை. குமணன்சாவடிப் பக்கம் என்றார் ஒருவர், நசரத்பேட்டை என்றார் இன்னொருவர். அன்றைக்குத்தான் நொச்சி நியமங்கிழார் எனக்குப் புரிந்தார். ஊருக்கு ஆபத்து வந்தால் முதலில் மறந்துபோகும் ஆளை அந்தப் புலவர் முதலில் நினைத்திருக்கிறார்.

மே மாதக் கடைசியில் ஒருநாள் காலை தெருமுனையில் குரல் கேட்டது. ஆனால் பூ இல்லை. "கத்திரிக்கா, வெண்டக்கா, தக்காளி..." முகத்தில் துணி கட்டியிருந்தார். திருமழிசையிலிருந்து சைக்கிள் வண்டியில் மகன் கொண்டுவந்து இறக்க, அதே கூடையில் காய் சுமந்து வந்திருந்தார். தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வேண்டியவர்களும் வேண்டாதவர்களும் வாங்கினார்கள். என் மனைவி நாங்கள் இரண்டு பேர் சாப்பிடும் வீட்டுக்கு மூன்று கிலோ தக்காளி வாங்கிவிட்டு உள்ளே வந்து அழுதாள்.

ஜூன் 1 அன்று தெரு வியாபாரிகளுக்கான பிரதமர் ஸ்வநிதி திட்டத்தை அறிவித்தார்கள். ஜாமீன் இல்லாமல் 10,000 ரூபாய், ஒழுங்காகக் கட்டினால் 7 சதவீதம் வட்டி மானியம். கணக்கெடுப்பில் விட்டுப்போனவர்களும் உள்ளாட்சியிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கினால் போதும். இந்த முறை நான் சுற்றறிக்கையை டிராயரில் வைக்கவில்லை. ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் கொண்டுவரச் சொல்லி எங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்து விண்ணப்பம் எழுதினேன். கடிதத்துக்கு நாலு நடை நடந்தோம். இந்தத் தெருவில் 1981-லிருந்து பூ விற்கிறார் என்று பன்னிரண்டு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்ட தாளையும் இணைத்தேன். முதல் கையெழுத்து எதிர்வீட்டு டீச்சருடையது.

அன்றைக்குத் திண்ணையில் வைத்துக் கேட்டேவிட்டேன். "1983-ல பேங்குக்கு வந்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன சார். ஐந்நூறு ரூபா."

"ஒதுக்கீடு முடிஞ்சிடுச்சுன்னு சொன்னேன். நான் பார்க்காமலே சொன்னேன். பார்த்திருக்கணும்."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு காதைத் தொட்டுக் காட்டினார். "அப்புறம் தண்டல் வாங்கினேன். நடுவுல பையனுக்கு ஜுரம், தவணை நின்னுபோச்சு. ஒரு ஜோடி கம்மல் போச்சு. எங்கம்மா போட்டது." அவ்வளவுதான். கோபமில்லை, பரவாயில்லை என்ற சமாதானமும் இல்லை. "எங்க சார் கையெழுத்து போடணும்?" என்று பேனாவை வாங்கிக்கொண்டார்.

கடன் வந்தது. ஒரு தவணைகூடத் தப்பாமல் கட்டினார். ஆகஸ்ட் வரை காய்தான். செப்டம்பர் 1-ல் கோயில்கள் திறந்தன. அந்த வாரமே மல்லிக் கூடை திரும்பிவிட்டது. மாதக் கடைசியில் கோயம்பேடும் திறந்தது.

இன்றைக்கும் வருகிறார். முழங்கால் வலியால் தினமும் இல்லை, செவ்வாயும் வெள்ளியும் மட்டும். மற்ற நாளில் மருமகள் வருகிறாள். கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி வரை மெட்ரோ வருவதற்காக ரோட்டின் நடுவே தூண்கள் எழும்பி ஊர் அடையாளமே மாறிவிட்டது. எங்கள் தெருவில் பாதி வீடுகள் அடுக்குமாடி ஆகிவிட்டன. மூன்றாவது மாடியிலிருந்து கயிற்றில் பை இறங்குகிறது, பூ ஏறிப் போகிறது. கொசுறு மட்டும் அதே நாலு விரல்.

அவர்மேல் எங்கள் தெரு வைத்திருந்த பிரியம் பொய்யில்லை. ஆனால் அந்தப் பிரியம் அவருக்கு ரேஷன் கார்டோ, கடனோ, கூடை வைக்க ஓரிடமோ வாங்கித் தரவில்லை. பன்னிரண்டு கையெழுத்து வாங்கித் தந்தது. அதை 1983-லேயே வாங்கியிருக்கலாம்.

உங்கள் தெருவுக்கும் ஒரு பூக்காரம்மாவோ கீரைக்காரரோ வந்துகொண்டிருப்பார். நாளைக் காலையில் வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். வியாபாரிச் சான்றிதழ் இருக்கிறதா? வீடு எங்கே? போன் நம்பர் என்ன? முதல் கேள்விக்கு இல்லை என்று பதில் வந்தால், நம்மைப் போல ஓய்வுபெற்று, ஃபாரம் எழுதத் தெரிந்து, பொழுது போகாமல் இருப்பவர்களுக்கு அங்கே ஒரு வேலை காத்திருக்கிறது.